மகன் எல்லையில், ஊரில் வாக்குவாதம்: படைவீரர் வீட்டுப் பெண்களுக்குச் சில யோசனைகள்

2025 மே 7-ஆம் தேதி காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தட்டில் லட்டு கொண்டுவந்தார். விடிவதற்குள் பாகிஸ்தான் எல்லைக்கு அப்பால் ஒன்பது இடங்களில் நம் படை தாக்கியிருந்தது. "உங்கள் பையன் அங்கேதானே இருக்கிறான், எங்களுக்கே பெருமையாக இருக்கிறதம்மா" என்றார். நல்ல மனிதர். வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எங்கள் அரிசி மூட்டையைக் காப்பாற்றியவர். தட்டை வாங்கிக்கொண்டேன். அன்று மதியமே என் அண்ணன் மகளிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி: "அத்தை, போர் வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிறோம். ராணுவ வீரரின் தாய் என்று உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா?" அவளும் நல்ல பெண். அவளுக்கும் பதில் சொல்லவில்லை. லட்டு இரண்டு நாள் மேசைமேல் கிடந்து எறும்பு மொய்த்தது. அவள் செய்திக்கு எறும்பு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பம்மலில் இருக்கிறேன். வீட்டுக்காரர் மதராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். மகன் பதினெட்டு வருடமாகப் படையில் இருக்கிறான். எந்த யூனிட், எந்த இடம் என்று எழுத மாட்டேன். நான் சொல்லப்போகும் யோசனைகளில் அதுவும் ஒன்று. என் மருமகளுக்காக ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். அவளுடைய தோழிகள், இப்போதுதான் கல்யாணமாகி வந்த பெண்கள், படித்துவிட்டு இன்னும் எழுதச் சொன்னார்கள்.

முதலில் காகிதம்

கருத்து, கொள்கை எல்லாம் பிறகு. திருமணமும் குழந்தை பிறந்ததும் உங்கள் கணவருடைய பதிவேட்டில் பார்ட் டூ ஆர்டராக, அதாவது குடும்ப விவரங்களைப் பதியும் படை ஆணையாக, ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஏறாவிட்டால் படையின் கண்ணில் நீங்கள் மனைவியே இல்லை. குழுக் காப்பீட்டில் யார் பெயர் இருக்கிறது, நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் எந்த முகவரி, எந்த கைப்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். வீடு மாறி, எண் மாறி, பழைய எண்ணே கிடக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எங்கே இருக்கிறது என்று சாதாரண நாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இதற்கும் போரைப் பற்றிய கருத்துக்கும் என்ன தொடர்பு என்று மருமகள் கேட்டாள். இருக்கிறது. அடிவயிற்றில் பயம் உட்கார்ந்திருந்தால், "எனக்கு இதில் உடன்பாடில்லை" என்ற வாக்கியம்கூடக் கத்தலாகத்தான் வெளியே வரும். காகிதம் ஒழுங்காக இருந்தால் பயத்தில் கால்வாசி குறையும். மீதி முக்கால்வாசிக்கு மருந்து இல்லை.

வாய்ப்பூட்டு யாருக்கு

ராணுவச் சட்டம் 1950, அதன் 21-ஆம் பிரிவு, படையில் இருப்பவர் சங்கம் சேர்வதையும் பத்திரிகைக்குப் பேசுவதையும் அரசியல் கூட்டங்களில் கலந்துகொள்வதையும் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அரசமைப்பின் 33-ஆவது உறுப்பு அதற்கு இடம் தருகிறது. ஆனால் அது சீருடை போட்டவருக்கு. அவருடைய அம்மாவுக்கோ மனைவிக்கோ இல்லை. நீங்கள் மற்ற எல்லோரையும் போலக் குடிமகள். 19-ஆவது உறுப்பு தரும் பேச்சுரிமை உங்களுக்கு முழுதாக இருக்கிறது. "ராணுவக் குடும்பம் அரசியல் பேசக்கூடாது" என்று குவார்ட்டர்சில் சொல்வார்கள். அது வழக்கம், சட்டம் இல்லை. அந்த வழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உங்களுக்கு உண்மையாகவே பூட்டு இருக்கும் இடம் வேறு. யூனிட் எங்கே இருக்கிறது, எப்போது கிளம்புகிறது, எந்த ரயில், என்ன வண்டி போனது என்பவை எல்லாம் உங்கள் வீட்டுச் செய்தி அல்ல. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் சீருடை பார்த்துப் பாய்வதில்லை. 2025 ஏப்ரல் 26-ஆம் தேதி, படை நகர்வுகளை நேரலையாகக் காட்ட வேண்டாம் என்று அரசு ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. அவர்களுக்கே அப்படியென்றால், "என் கணவர் இப்போது இந்த ஊரைத் தாண்டுகிறார், பிரார்த்தனை செய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போடும் பெண்ணை என்ன சொல்வது? போடத்தான் செய்தாள் ஒருத்தி. பிரார்த்தனையை அம்மனிடம் நேரில் சொல்லுங்கள். மகன் சீருடையில் நிற்கும் படத்தை முகப்புப் படமாக வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

லட்டும் கையெழுத்தும்

வீட்டு வாசலுக்கு இரண்டு வகையான ஆட்கள் வருவார்கள். ஒருவர், உங்கள் மகனால் தனக்குப் பெருமை என்பார். இன்னொருவர், உங்கள் மகனுக்காகத்தான் போரை எதிர்க்கிறேன் என்பார். இருவருக்கும் வேண்டியது உங்கள் மகன்தான், உங்கள் கருத்து இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

லட்டுக்காரருக்கு நான் இப்போது சொல்லும் பதில் இதுதான்: "நன்றி. அவன் லீவில் வரும்போது அவனிடமே கொடுங்கள்." சண்டை இல்லை, ஒப்புதலும் இல்லை. "ஒரேயடியாக முடித்துவிட வேண்டும்" என்று அவர் தொடர்ந்தால், உங்கள் வீட்டிலிருந்து யாராவது போகிறார்களா என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். அவர் மகனுக்கு ஒரு கால் சரியில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வழியாகப் போகவே ஒரு மாதம் கூசியது.

போர் வேண்டாம் என்பவர் சொல்வதைக் கேட்கும்போது உங்கள் காதில் வேறு ஒன்று விழும்: "உன் மகன் செய்வது தவறு." அவர் அப்படித்தான் சொன்னாரா என்று இன்னொரு முறை கேளுங்கள். அனுப்பியவரைக் கேள்வி கேட்கிறாரா, போனவரைத் திட்டுகிறாரா? பெரும்பாலும் முதல் வகைதான். இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் நீளமானது.

1987

ஜூலை 29-ஆம் தேதி இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அமைதி காக்கத்தான் போகிறோம் என்று சொல்லி ஆகஸ்டில் என் வீட்டுக்காரர் கிளம்பினார். நான் மூன்று மாதக் கர்ப்பம், பெரம்பூரில் அப்பா வீட்டில் இருந்தேன். முதலில் யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள் என்று எழுதினார். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் சண்டை தொடங்கிவிட்டது. நம் படைக்கும் புலிகளுக்கும்.

மதராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் தெரியுமல்லவா, வீர மதராசி, அடி கொல், அடி கொல் என்று. வடக்கே எந்த எல்லையில் கத்தினாலும் எதிரே இருப்பவனுக்கு அது வெறும் சத்தம். அங்கே அப்படியில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இருந்தவர்களுக்கு அர்த்தம் புரியும்.

அக்டோபர் 21 தீபாவளி. அன்றும் மறுநாளும் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நம் படை நுழைந்ததில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். இரு தரப்புச் சண்டையின் நடுவே சிக்கிக்கொண்டார்கள் என்றது ராணுவத் தரப்பு. பிழைத்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். செய்தி பெரம்பூருக்குச் சில நாள் கழித்துத்தான் வந்தது. என் அண்ணன் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தான், படையை அனுப்பியதை எதிர்த்துச் சட்டையில் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு கூட்டங்களுக்குப் போவான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன், "தமிழனைத் தமிழனே சுடுகிறான். நீ இங்கே அவனுக்காகச் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறாய்" என்றான். நான் தட்டோடு எழுந்து கொல்லைப்புறம் போனேன். பதினொரு மாதம் அவனோடு பேசவில்லை. குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அந்தச் சமயத்தில் வந்த ஒரு கடிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது. மேலே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சல் முத்திரை. உடம்பு எப்படி, அம்மாவுக்குப் பணம் வந்ததா என்று எப்போதும் போல எழுதிவிட்டு, மடிக்கிற ஓரத்தில் நான்கு வரி: "இங்கே ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். ஒரு பாட்டி கொண்டுவந்தார். தம்பி எந்த ஊர் என்று கேட்டார். வேலூர்ப் பக்கம் என்றேன். குடித்துவிட்டுக் குவளையை நீட்டினேன். கையிலிருந்து வாங்கவில்லை. திண்ணையில் வைத்துவிட்டுப் போ என்றார்." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இப்படிக்கு, கையெழுத்து.

அந்த நான்கு வரிக்கு நான் எழுதிய பதிலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "நன்றி கெட்ட ஜனங்கள்" என்று எழுதினேன். அவர் அதைக் கேட்கவில்லையே! அவர் புகார் சொல்லவே இல்லை. நடந்ததைச் சொன்னார். இதை யோசனையாகவே எழுதுகிறேன்: அவர் ஒரு விஷயத்தைச் சொன்னால், அதற்கு நீங்கள் தீர்ப்பு எழுதாதீர்கள்.

1988 அக்டோபரில் லீவில் வந்தார். சென்ட்ரலில் இறங்கியபோது, பிளாட்பாரத்தில் நின்றது என் அண்ணன். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு டாக்சி வரை வந்தானாம். மறுநாள் வெளியே கிளம்பியவனைப் பார்த்து என் வீட்டுக்காரர், "என்ன மச்சான், சட்டையில் பட்டையைக் காணோம், இன்றைக்குக் கூட்டம் இல்லையா?" என்றார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பதினொரு மாதக் கோபத்தில் நான் தவறவிட்டது என்ன என்று அன்று தெரிந்தது. இவர் போகக்கூடாது என்றுதான் அவன் தெருவில் நின்றான். இவர் சாகட்டும் என்று நிற்கவில்லை.

1990 மார்ச்சில் கடைசிப் படைகள் திரும்பின. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதலமைச்சர் வரவில்லை. 1,100-க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் திரும்பி வரவேயில்லை. இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு வெளியே வெயிலில் நின்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் யார் வந்து மாலை போட்டிருந்தாலும் அந்தப் பாட்டி குவளையைக் கையில் வாங்கியிருக்கப் போவதில்லை. அந்தப் போரில் இறந்த மேஜர் பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். சாலிகிராமத்தில் பரமேஸ்வரன் விகார் என்று ஒரு குடியிருப்பும் இருக்கிறது. ஆட்டோக்காரர்களுக்கு வழி தெரியும். யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

நீங்களே எதிர்க்கிறீர்கள் என்றால்

வெட்கப்பட ஒன்றும் இல்லை. படைவீரர் வீடுகளுக்கு எதிர்ப்பு புதிதும் இல்லை. 2015-இல் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் முன்னாள் படைவீரர்கள்தான். 2022 ஜூனில் அக்னிபத் அறிவித்தபோது தெருவுக்கு வந்தவர்கள் படையில் சேரத் துடித்த பையன்கள். நாலு வருடத்தில் நாலில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அதெல்லாம் சம்பளம், வேலை என்பீர்கள். சரி. போரையே எதிர்ப்பதற்குத் துணிச்சல் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

எப்படிப் பேசுவது? "நான்" என்று தொடங்குங்கள். "வீரர்கள் எல்லாம் நினைப்பது என்னவென்றால்" என்று தொடங்காதீர்கள், உங்களுக்குத் தெரியாது. அவருடைய பதவியையும் யூனிட்டையும் சொல்லாதீர்கள். அவருடைய மெடலையும் சீருடைப் படத்தையும் எந்தக் கூட்டத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள், ஆதரவுக் கூட்டமானாலும் எதிர்ப்புக் கூட்டமானாலும். அவை அவருடையவை. அவரால் வாய் திறந்து மறுக்க முடியாத இடத்தில் அவரை நிறுத்தக்கூடாது. குவார்ட்டர்சில் சொல்லும் வழக்கத்துக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் இதுதான். போராட்டத்துக்குப் போவதாக இருந்தால் போலீஸ் அனுமதி உண்டா என்று அழைத்தவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

அண்ணன் மகளுக்கு மூன்றாம் நாள் எழுதினேன்: "என் பெயர் போடு. ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர், பம்மல் என்று போடு. தாய் என்று போடாதே." அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தாய் என்று இருந்தால் நன்றாக இருந்திருக்கும் அத்தை என்றாள். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

வசவு வரும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில், கல்யாணமான சில நாளில் கணவரை இழந்தாள் ஒரு பெண், அவர் கடற்படை அதிகாரி. முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பைக் காட்டாதீர்கள் என்று மட்டும்தான் சொன்னாள். அவளையே என்னவெல்லாம் எழுதினார்கள், தேசிய மகளிர் ஆணையம் கண்டிக்கும் அளவுக்கு. ஆகவே எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: பின்னூட்டங்களைப் படிக்கப்போவது யார்? எங்கள் வீட்டில் மருமகளின் தம்பி படிப்பான். மிரட்டல் இருந்தால் மட்டும் படம் எடுத்து வைப்பான், மற்றதைச் சொல்ல மாட்டான்.

மைக்கோடு ஆட்கள் வந்தால் கதவைத் திறக்க வேண்டாம். 2019 பிப்ரவரி 27-இல் விமானப்படையின் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்டு மார்ச் 1-இல் விடுவிக்கப்படும் வரை, சென்னையில் இருந்த பெற்றோர் வீட்டு முன்னால் எவ்வளவு கேமராக்கள்! தந்தை ஓய்வுபெற்ற ஏர் மார்ஷல். ஒரு குறுஞ்செய்தியில் நன்றி சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். அந்த அளவு போதும்.

குழந்தை கேட்டால்

பேத்தி மூன்றாம் வகுப்பு. "பாட்டி, அப்பா யாரையாவது சுடுவாரா?" என்று கேட்டாள். மருமகள் அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டாள். இல்லை என்று சொல்லத்தான் வாய் வரும். சொல்லாதீர்கள், பள்ளியில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். "சுடச் சொன்னால் சுட வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அது பிடிக்காது" என்றேன். "பிடிக்காததை ஏன் செய்கிறார்?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று சொன்னேன். அவள் என்னை விட்டுவிட்டுத் தாத்தாவிடம் போனாள். தாத்தா ஹாலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். "நீ வீட்டுப்பாடம் ஏன் செய்கிறாய்?" என்றார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கைப்பேசி மணி அடித்தால்

அழைப்பு வராத நாளைக் கெட்ட நாளாக எண்ணாதீர்கள். டிவியை ஒரு வேளை மட்டும் போடுங்கள். பேசக் கிடைக்கும் நிமிடங்களில் நாட்டு நடப்பு வேண்டாம். உங்கள் எதிர்ப்பையும் அப்போது சொல்ல வேண்டாம், லீவில் சொல்லிக்கொள்ளலாம். மறைப்பதாகாது. சுமந்துகொண்டிருப்பவன் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றக் கூடாது என்பதுதான். என் மருமகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவனுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்கிறாள். அவளுடைய கணவன், அவளுடைய வழி.

மே 10-ஆம் தேதி மாலை, படைக்கு ஆதரவாக முதலமைச்சர் தலைமையில் கடற்கரைச் சாலை டிஜிபி அலுவலகத்திலிருந்து தீவுத்திடல் வரை பேரணி. போர் நினைவுச் சின்னம் பக்கம் என்றதும் என் அண்ணன் துள்ளிவிட்டான், எழுபது தாண்டிய வயதில். அதே கறுப்புப் பட்டைக்காரன். அவனும் கட்சி மாறவில்லை, கட்சியும் மாறவில்லை, போர்தான் வேறு. "மச்சானையும் கூட்டிக்கொண்டு வா" என்றான். என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்து, "வெயில் அதிகம்" என்றார். மணி நாலரை, வெளியே மேகமூட்டம். பேரணி நடந்துகொண்டிருந்தபோதே சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது. லட்டுக்காரருக்கு ஏமாற்றம். அண்ணன் மகளுக்குச் சந்தோஷம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானச் சத்தம் கேட்டு நான்கு நாளாகத் திடுக்கிட்டு எழுந்த மருமகள், அன்று எட்டு மணிக்கே தூங்கிப்போனாள்.

பதினொன்றே முக்காலுக்கு மணி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"அம்மா, கரண்ட் பில் கட்டியாச்சா?"

"கட்டிவிட்டேன்."

"எவ்வளவு வந்தது?"

சொன்னேன். ஏசியைக் குறைக்கச் சொன்னான். வைத்துவிட்டான்.